நெய்தல் திரிந்த வரலாறு

பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்ட நிலையாகக் காட்டுகிறது சிலப்பதிகாரம். மழைவளமும் ஆற்றுநீரும் உடைய நெய்தலும் அவ்வாறு திரியக்கூடும் என்பதற்குக் கடலூர் வரலாறு சான்றாகின்றது.

கெடிலமும் உப்பனாறும் கடலொடு கலக்கும் இத்துறைநகரின் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே, 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி முதலியவற்றின் வேதித்தொழில்கள் அங்கு வேரூன்றின. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் ஆகியன அதனை அடுத்த சிற்றூர்கள். காட்டையும் மரத்தையும் பெயரில் தாங்கிய ஊர்கள் கழிவுநீரையும் நச்சு வாடையையும் அறியலாயின.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981லும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. 1984ஆம் ஆண்டுப் போபால் பேரழிவின்பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் சட்டம் அளவையே சான்றாகக் கேட்டது. மக்களிடம் இருந்ததோ மூக்கும் நினைவுமே.

2004இல் இவ்வூர் மக்கள் சிலர் பயிற்சி பெற்றுத் தாமே கண்காணிப்பாளர் ஆயினர். எந்நாளில், எப்பொழுதில், எத்திசைக் காற்றில், எத்தகைய வாடை வீசிற்று எனக் குறித்து வைத்தனர். அன்றாட வாழ்வில் அறிந்த பொருள்களையே வாடைக்கு உவமையாக்கினர். எளிய வாளிக் கருவியாற் காற்றை முகந்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். முறையீடு இவ்வாறு ஆவணமாயிற்று.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளி பெற்றது. எழுபதைக் கடந்து, மிகக் கடுமையாக மாசடைந்தனவென அறிவிக்கப்பட்ட 43 இடங்களுள் அதுவும் ஒன்று. 2010 சனவரியில் அத்தகைய இடங்களிற் புதிய தொழில்களுக்கும் விரிவாக்கத்திற்கும் தற்காலிகத் தடை வந்தது. செயல்திட்டம் வகுக்கப்பட்டபின் கடலூரில் அத்தடை நீங்கிற்று. தடை தற்காலிகமானது; மண்ணிற் கலந்த நஞ்சு அத்தகையதன்று.

திரிந்த நெய்தல் மீளுமா? சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் ஒரு விடை தருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்குச் சதுப்புக்காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டது. நிழலிழந்த மண் காய்ந்து தாழ்ந்தது. தாழ்விடத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. அங்கு மரம் முளைக்கவில்லை. அலைகளின் நடுவே தோன்றிய பாலை அது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் இணைந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் வந்து மீண்டது, உப்புத் தணிந்தது, நட்ட கன்றுகள் காடாயின. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

பிச்சாவரத்து மண்ணை வருத்திய உப்பை ஓதநீரே கழுவிற்று. உப்பனாற்றங்கரையின் நஞ்சுக்கு அத்தகைய எளிய மருந்தில்லை. அங்கு முதற்காவல், கேடு நிகழும் பொழுதே அதனைப் பெயரிட்டுப் பதிவு செய்தலாம். திணையும் பொழுதும் அறிந்து பாடுவோர்க்கு அப்பணி அயலானதன்று. குடிகாட்டு மக்கள் எழுதிய வாடைக் குறிப்புகளும் நெய்தலின் இலக்கியமே.