கடலைத் தள்ளிவைத்த சாமி!

ஏரிக்கரைக்கு ஒரு சாமி, எல்லைக்கு ஒரு சாமி, வேப்பமரத்தடிக்கு ஒரு சாமி... இதெல்லாம் நம்ம ஊர் சமாசாரம் மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

ரோமானியர்கள் படையெடுத்து வருவதற்கு முன்பே பிரான்ஸ், பிரிட்டன், அயர்லாந்து என்று பரவிக் கிடந்தவர்கள் கெல்ட் மக்கள். பாரீஸ் நடுவே ஓடுகிற சேன் நதி அவர்களுக்கு வெறும் தண்ணீர் இல்லை. செக்வானா என்கிற அம்மன்! நதி ஊற்றெடுக்கும் இடத்தில் அவளுக்குக் கோயில். 1963-ல் அங்கே தோண்டியபோது, சேற்றுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் மரப் பொம்மைகள் கிடைத்தன. கை, கால், தலை, உடம்பு என்று தனித்தனியாகச் செதுக்கிய காணிக்கைகள். நம்ம மாரியம்மனுக்குக் கண்மலரும் கை, கால் தகடும் வாங்கிப் போடுகிறோமே, அதே கதைதான்.

இங்கிலாந்தின் பாத் நகரில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே இருக்கும் வெந்நீர் ஊற்றின் தெய்வம் சூலிஸ். ரோமானியர்கள் வந்தார்கள். அவளை விரட்டவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்து 'சூலிஸ் மினர்வா' ஆக்கி, பெரிதாகக் கோயில் கட்டிவிட்டார்கள். அந்த ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'என் கையுறையைத் திருடியவன் விளங்காமல் போகட்டும்' என்கிற மாதிரியான சாபங்கள்! சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போட்டு நியாயம் கேட்கிறார்களே, அவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கெல்ட் மக்கள் தங்கள் சாமிகளைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது ரொம்பக் குறைவு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நிலத்தைப் படித்தார்கள். ஊற்று எங்கே, பாறை எங்கே, ஆற்றின் பெயர் என்ன, காணிக்கை எங்கே விழுந்திருக்கிறது... இப்படித் துப்புத் துலக்கித்தான் தெய்வங்களைக் கண்டுபிடித்தார்கள்.

அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வடசென்னைக்கு வாருங்கள். லாரிகளும் கன்டெய்னர்களும் புழுதி கிளப்பும் எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டி, திருவொற்றியூர்.

தியாகராஜர் கோயில் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால், கருவறையில் இருப்பவர் ஆதிபுரீஸ்வரர். 'புற்றிடங்கொண்டார்' என்றும் பெயர். அதாவது, புற்று! மண்ணால் ஆன திருமேனி என்பதால் வருஷம் முழுக்கக் கவசம் போட்டு மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாட்கள் கவசத்தைக் கழற்றி, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் ஜனம் முண்டியடித்துப் பார்ப்பது வேறு எதையும் அல்ல, இந்த ஊர் மண்ணைத்தான்!

அந்த மண்ணைச் சுற்றி, ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல் விமானம் எழுந்தது. சதுரானன பண்டிதர் சொல்ல, கட்டிக்கொடுத்தவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன். கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. ராஜாவின் கல் வந்தது. ஆனாலும், உள்ளே புற்று புற்றாகவே இருக்கிறது.

அடுத்து, மரம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்துகொள்ள, 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். மனுஷன் ரொம்ப சாமர்த்தியசாலி. 'நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்' என்று சிவனிடமே ரகசியமாகப் பேசி வைத்தார். சிவனோ சங்கிலியின் கனவில் போய், 'மரத்தடியில் சத்தியம் கேள்' என்று போட்டுக்கொடுத்துவிட்டார்! பிற்பாடு சுந்தரர் வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போச்சு. கதையைக் கவனியுங்கள். மரம்தான் சாட்சி, எல்லைதான் நீதிபதி.

மூன்றாவது, பாறை. அதே கோயிலுக்குள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் வட்டப்பாறையம்மன். மதுரையை எரித்த கண்ணகி, கோபம் அடங்காமல் இங்கே வந்தாள், கிணற்றில் இறங்கியவளை வட்டமான பாறையால் மூடினார்கள் என்பது செவிவழிக் கதை. ஆதிசங்கரர் வந்து உக்கிரத்தைத் தணித்தார் என்றும் சொல்வார்கள். கம்பர் ராத்திரியில் ராமாயணம் எழுதியபோது விளக்குப் பிடித்தது இவள்தான் என்று இன்னொரு கதை. சூலிஸை மினர்வாவோடு சேர்த்துக்கொண்ட மாதிரி, ஊர்க் காளியைப் பெரிய கோயில் சேர்த்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, பாறை என்கிற பெயரை மட்டும் அவள் விடவே இல்லை.

நம் ஊர்ச் சாமிகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர், தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு. 1713-ல் எழுதி முடித்து, ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அச்சடிக்க மனசு வரவில்லை. 150 வருஷம் தூங்கிய அந்தப் புத்தகம் 1867-ல் சென்னையில்தான் அச்சானது! பிறகு, மெட்ராஸ் பிஷப் ஒயிட்ஹெட் கிராம தேவதைகளைப் பற்றி 1916-ல் புத்தகம் போட்டார். யார் யார் சாமி, என்னென்ன படையல் என்பதையெல்லாம் இப்படி எழுதி வைத்துவிடலாம். சாமி உட்கார்ந்திருக்கும் நிலத்தை?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. திருவொற்றியூர் என்ற பெயருக்கு ஒரு புராணம். பிரளய வெள்ளத்தை 'ஒற்றிப்போ' என்று சிவன் தள்ளிவைத்த ஊராம். கடலை விரட்டிய ஊர்!

அந்தக் கடல் திரும்பி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1875-ல் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல் கைகள் நீண்டன. நம்ம கரையோரம் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் நகரும். துறைமுகம் குறுக்கே நின்றதும், தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் மணலில், வடசென்னைக் குப்பங்களின் பங்கும் இருக்கிறது! வீடுகளும் தெருக்களும் அலைக்குள் போக, இன்று பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் வடக்கே, எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அனல்மின் நிலையங்கள் வந்தன, 2001-ல் புதுத் துறைமுகம் வந்தது, சாம்பல் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது. கெல்ட் மக்களின் செக்வானா மாதிரி, இங்கேயும் ஆறும் கடலும்தான் சோறு போட்ட தாய். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற மீனவர் வீட்டில், அதே மாசம் வலையில் மீன் விழுமா என்கிற கவலையும் சேர்ந்தே கொதிக்கிறது.

அம்மன்கள் இடம் மாறுவது புதுசில்லை. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளே கோட்டைப் பக்கமிருந்து பெயர்ந்து வந்தவள் என்பார்கள். சிலையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கலாம். கும்பாபிஷேகமும் பண்ணலாம். ஆனால், முகத்துவாரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

பாத் நகரத்து ஊற்றில் இன்றும் வெந்நீர் கொப்பளிக்கிறது. அதனால்தான் சூலிஸ் யார் என்று இப்போதும் புரிகிறது. நம்ம பக்கம் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் உண்டு, நன்கொடை உண்டு. குளத்துக்கும் கழிமுகத்துக்கும்தான் ஆள் இல்லை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஒற்றியூர் போனால், கவசம் கழற்றிய அந்தப் புற்றை நன்றாகப் பாருங்கள். நம் முன்னோர் கும்பிட்டது மண்ணை. வெளியே வந்து, நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் கடலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் மூலஸ்தானம்தான்!