வாடகை டிஸ்க்கும் 34 ரூபாய் டிவிடியும்

2023 செப்டம்பர் 29-ம் தேதி நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி வாடகை டிவிடியைத் தபாலில் போட்டுவிட்டு அந்தக் கடையைச் சாத்தியது. 1998-ல் ஆரம்பித்த வியாபாரம். இருபத்தைந்து வருஷத்தில் 500 கோடி டிஸ்க்குக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். செய்தி வந்த அன்று ஆபீசில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "டிவிடியா? அது இன்னுமா இருந்துச்சு?"

இருந்தது மக்களே. அமெரிக்காவில் மட்டுமில்லை, இங்கே தொம்மலூரிலும் ஒரு காலத்தில் இருந்தது. மாசச் சந்தா கட்டினால் வீட்டு வாசலுக்கு டிஸ்க் வரும். பார்த்து முடித்தால் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அதன் விலை ஏன் ஏறியது, அதற்குப் பதிலாக என்னென்ன வந்தது, கடைசியில் யார் கையில் என்ன மிச்சம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கொசுவத்தி அதிகம் சுற்ற மாட்டேன். கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளவும் :-)

வாடகைப் படம் நமக்குப் புதுசு இல்லை. எங்கள் நாகர்கோவில் பக்கம் எண்பதுகளில் கல்யாண வீடு, சடங்கு வீடு என்றால் டிவி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகைக்கு எடுப்பார்கள். ஊருக்கு ஊர் வீடியோ லெண்டிங் லைப்ரரி முளைத்தது. தியேட்டர்காரர்கள் பதறினார்கள். விசிஆர் வைத்துப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு அரசு 1984-ல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தது. கடல் கடந்த தமிழர்களுக்கு லண்டனில் தொடங்கிய ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் கேசட்டும் பிறகு டிவிடியும் போட்டன. அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டில் அந்த நாளில் இந்திய மளிகைக் கடைக்குப் போனால் துவரம் பருப்போடு இரண்டு கேசட்டும் சேர்த்துத்தான் பையில் வருமாம்.

பெங்களூர்த் தமிழனின் கதை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டு எல்லை ஒரு மணி நேரத் தூரம். அல்சூர் பக்கம் லாவண்யா, அஜந்தா என்று தமிழ்ப்படம் ஓட்டும் தியேட்டர்களுக்குக் குறைவில்லை. தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. நாம் இங்கே நேற்று வந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தியேட்டரில் தமிழ்ப்படம் ஓடுமா என்பது மட்டும் ஊர் நிலவரத்தைப் பொறுத்தது. 1991-ல் காவிரிக் கலவரம். 2000 ஜூலை 30-ல் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது தமிழ்ப்படங்கள் தியேட்டரை விட்டே போயின. அவர் திரும்பி வர 108 நாள் ஆனது. 2004-ல் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை, மற்ற மொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரலாம் என்று முடிவெடுத்தது. கன்னடப் படங்களுக்கு அவர்கள் ஊரிலேயே தியேட்டர் கிடைக்கவில்லை என்ற அவர்கள் வருத்தத்திலும் நியாயம் உண்டு. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. விளைவு என்ன என்றால், தீபாவளிப் படத்தைப் பொங்கலுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியதுதான். வீட்டில் டிவிடி பிளேயர் என்பது எங்களுக்கு அப்படித்தான் அவசியப் பொருளானது.

இந்த நேரத்தில்தான், 2000-களின் நடுவில், பெங்களூரில் செவன்டிஎம்எம் வந்தது. 2008-ல் ரிலையன்ஸின் பிக்ஃபிளிக்ஸ் வந்தது. சின்னச் சின்னதாக இன்னும் பல. எல்லாருக்கும் முன்மாதிரி நெட்ஃபிளிக்ஸ்தான்: தாமதக் கட்டணம் கிடையாது, வேண்டிய படங்களை வரிசையாகக் குறித்து வைத்தால் போதும், ஒன்று திரும்பினால் அடுத்தது வரும். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே ஒரு மெல்லிய சிவப்பு உறைக்குள் டிஸ்க்கைப் போட்டுச் சாதாரணத் தபால்தலைச் செலவில் அனுப்பிவிடலாம். தபால்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்கு வருகிறவர்தானே. நம் ஊரில் அந்த வேலையை டூவீலரில் ஒரு பையன் செய்தான். பெட்ரோலும் சம்பளமும் நிறுவனத்தின் தலையில்.

நான் சேர்ந்தது 2007-ல். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மாதம் 349 ரூபாய், ஒரு நேரத்தில் இரண்டு டிஸ்க், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். 'அன்லிமிட்டட்'! வரவு செலவு நோட்டில் தங்கமணி எழுதி வைத்திருந்ததால் சொல்கிறேன், மாதம் எட்டு டிஸ்க்குக்கு மேல் ஒரு மாதமும் வந்ததில்லை. ஏர்போர்ட் அப்போது எச்ஏஎல்லில்தான் இருந்தது. தொம்மலூர் மேம்பாலத்தடியில் சாயங்காலம் மாட்டிக்கொண்ட பையன் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் தூங்கும் நேரம் ஆகிவிடும். வந்தாலும் கேட்டது வராது. "சார், நீங்க கேட்டது எல்லாம் அவுட்ல இருக்கு சார். இது நல்லா இருக்கும், பாருங்க சார்" என்று அவன் கொடுத்த படங்களை வைத்தே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். தமிழ்ப் படங்களில் ஒன்றிரண்டு பிரதிதான் வைத்திருப்பார்கள் போல. ஊரில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பமும் அதற்குத்தான் வரிசையில் நிற்கும். ஒரு டிஸ்க்குக்குச் சுமார் 44 ரூபாய் விழுந்தது. அடுத்த வருஷம் சந்தா 449 ஆனது. அப்போது 56.

விலையேற்றம் இங்கே மட்டும் நடக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2004-ல் மூன்று டிஸ்க் திட்டத்தை 21.99 டாலருக்கு ஏற்றியது. பிளாக்பஸ்டர் போட்டிக்கு வந்ததும் அதே வருஷம் 17.99-க்கு இறக்கியது. போட்டி இருந்தால் மட்டும்தான் இறங்கும், அது எந்த நாட்டுக்கும் பொது. 2008-ல் ப்ளூ-ரே வேண்டுமானால் மாதம் ஒரு டாலர் கூடுதல் என்றார்கள். அடுத்த வருஷமே மூன்று டிஸ்க் திட்டத்துக்கு அந்தக் கூடுதல் நான்கு டாலர் ஆனது. 2011 ஜூலையில் பெரிய அடி: டிஸ்க்கும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து 9.99 டாலராக இருந்ததை இரண்டாகப் பிரித்து, தனித்தனியே 7.99 என்றார்கள். இரண்டும் வேண்டுமானால் 15.98. அறுபது சதவீத ஏற்றம். டிஸ்க் பிரிவுக்கு குவிக்ஸ்டர் என்று தனிப் பெயர் வைத்து, மூன்று வாரத்தில் அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் 8 லட்சம் பேர் வெளியேறினார்கள். அக்காவும் அதில் ஒருத்தி. "ரெண்டு பேர் வாடகையை ஒரே வீட்டுக்குக் கேக்கறானுங்க" என்றாள்.

இந்த 'அன்லிமிட்டட்' சமாசாரத்துக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. சந்தாக்காரர்களில் மாதம் இரண்டு டிஸ்க் எடுப்பவர்தான் நிறுவனத்துக்கு லட்சுமி. இருபது எடுப்பவர் நஷ்டம். அதனால் வேகமாகத் திருப்புகிறவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் மெதுவாக அனுப்பியது. 2004-ல் ஒரு வாடிக்கையாளர் இதற்காக வழக்கே போட்டார். சமரசத்தில் முடிந்தது. 'அடிக்கடி எடுப்பவர்களுக்குத் தாமதமாகலாம்' என்று விதிமுறையிலேயே எழுதியும் வைத்தார்கள். கல்யாணப் பந்தியில் அன்லிமிட்டட் சாப்பாடு என்று போர்டு வைத்துவிட்டு, மூன்றாவது தடவை சாம்பார் கேட்டால் வாளிக்காரர் அந்தப் பக்கமே வராமல் இருப்பது போல!

நம் ஊரில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அது சட்டம். அமெரிக்காவில் ஒரு டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அதை வாடகைக்கு விடத் தயாரிப்பாளரின் அனுமதி தேவையில்லை. முதல் விற்பனையோடு அந்த டிஸ்க் மீதான அவர் பிடி விட்டது என்பது அங்கே கொள்கை. நெட்ஃபிளிக்ஸ் அத்தனை ஆயிரம் படங்களை வைத்திருந்த ரகசியம் இதுதான். எந்த ஸ்டுடியோ முறைத்தாலும் கடையில் வாங்கியாவது வாடகைக்கு விடலாம். இந்தியாவில் அப்படி இல்லை. 1994-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சினிமாப் பிரதி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும் அதை வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளருக்கே என்று எழுதினார்கள். டெல்லியில் ஒரு வாடகை நூலகம், வெளிநாட்டில் முறையாக வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்குகளைத்தான் வாடகைக்கு விட்டது. வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதுவும் உரிமை மீறலே என்று தீர்ப்பளித்தது. ஆக, இங்கே ஒழுங்காக வாடகைத் தொழில் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் உரிமைக்காரரிடம் பேச வேண்டும். பழைய தமிழ்ப் படத்தின் உரிமை யாரிடம் என்று கண்டுபிடிப்பது பூர்வீகச் சொத்துக்குப் பட்டா தேடுவது மாதிரி. அந்தச் செலவும் கடைசியில் நம் சந்தாவில்தான் ஏறும்.

சரி, மாற்று என்ன? எல்லாருக்கும் தெரிந்த மாற்று திருட்டு விசிடி. சென்னையில் பர்மா பஜார், இங்கே காந்திநகர் நேஷனல் மார்க்கெட். தமிழ்நாடு அரசு 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சட்டம் கடுமைதான். ஆனால் முறையான டிஸ்க் வாங்கலாம் என்று நினைப்பவனுக்குக் கடையில் என்ன இருந்தது? புதுப்படத்தின் நல்ல டிவிடி வெளிநாட்டு உரிமையில்தான் முதலில் வரும். அதன் விலையில் ஒரு குடும்பமே தியேட்டருக்குப் போய் வரலாம்.

அந்த இடத்தில்தான் மோசர் பேர் நுழைந்தது. காலி டிஸ்க் செய்து உலகத்துக்கே விற்றுக்கொண்டிருந்த நொய்டா கம்பெனி. 2007-ல் படம் போட்ட டிஸ்க்கையே விற்க வந்தார்கள். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். திருட்டு டிஸ்க்கின் விலைக்கு ஒரிஜினல்! தமிழிலும் நூற்றுக்கணக்கான பழைய படங்களின் உரிமையை வாங்கிக் குவித்தார்கள். 'பூ', 'அபியும் நானும்' போன்ற படங்களின் தயாரிப்பிலும் இறங்கினார்கள். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கே பார்த்தாலும் அந்த டிஸ்க் தொங்கும்.

இப்போது என் நோட்டுக் கணக்குக்கு வாருங்கள். வாடகைக்கு ஒரு டிஸ்க் 56 ரூபாய். சொந்தமாக வாங்கினால் 34 ரூபாய். உலகத்தில் வேறு எந்தப் பொருளிலாவது இப்படி நடந்திருக்கிறதா தெரியவில்லை! தங்கமணி ஒரே வரியில் முடித்தாள்: "அந்தப் பையனுக்கு ஒரு டீ குடுத்து, சந்தாவ நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்க." நிறுத்தினோம். எங்களைப் போல நிறையப் பேர். இந்திய டிஸ்க் வாடகைச் சந்தா சாகக் காரணம் ஸ்ட்ரீமிங் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கட்சி வேறு. ஸ்ட்ரீமிங் வந்து சேர்வதற்கு வெகு முன்பே, 34 ரூபாய் டிவிடி அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது.

ஆனால் 34 ரூபாயும் நிற்கவில்லை. வேக இணையமும் யூட்யூபும் வந்ததும் டிஸ்க் என்ற பொருளுக்கே மதிப்புப் போனது. கடன் சுமையில் மோசர் பேர் 2017-ல் திவால் நடவடிக்கைக்குள் போய், 2018-ல் கலைக்கச் சொல்லி உத்தரவானது. செவன்டிஎம்எம் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. அமெரிக்காவில் ஒரு டாலர் வாடகைக்குத் தெருமுனையில் டிஸ்க் கொடுத்த ரெட்பாக்ஸ் இயந்திரங்களின் கதையும் 2024-ல் முடிந்தது.

மிச்சம் இருப்பது ஸ்ட்ரீமிங். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் 500 ரூபாய்த் திட்டத்தோடு இந்தியாவுக்கு வந்தது. இங்கே விலை போகவில்லை என்று 2021-ல் மொபைல் திட்டத்தை 149-க்கு இறக்கியது. அதே மாதம் அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தாவை 999-லிருந்து 1499-க்கு ஏற்றியது. 2025 ஜூனில் பிரைம் வீடியோவில் விளம்பரமும் வந்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் வருஷத்துக்கு இன்னொரு 699. அமெரிக்காவில் விளம்பரம் இல்லாத நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்டு திட்டம் 2025 ஜனவரியில் 17.99 டாலர் ஆனது. 2004 கடைசியில் மூன்று டிஸ்க் திட்டத்துக்குக் கொடுத்த அதே 17.99. பைசா மாறவில்லை.

பணம் கூடப் பரவாயில்லை. என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. டிஸ்க் விஷயத்தில் ஒரு முறை வாங்கிய கடைக்காரனிடமிருந்து படத்தை யாரும் பிடுங்க முடியாது. ஸ்ட்ரீமிங்கில் உரிமை ஒப்பந்தம் முடிந்த மறுநாள் படம் பட்டியலில் இருக்காது. பழைய தமிழ்ப் படங்களில் பல யூட்யூபில் இலவசமாகவே கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் பலவற்றில் சப்டைட்டில் கிடையாது. ஐங்கரன் டிவிடிகளில் ஆங்கில சப்டைட்டில் இருக்கும். அது நமக்குத் தேவைப்பட்டதில்லை. அக்கா பையனுக்குத் தேவைப்பட்டது. அவன் நியூஜெர்சியில் பிறந்தவன். சப்டைட்டிலைப் படித்துப் படித்துத்தான் நாகேஷ் எந்த இடத்தில் எதற்காகச் சிரிக்க வைக்கிறார் என்று பிடித்துக்கொண்டான். ஒரு கட்டத்தில் அதை அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். என் மகள் தொம்மலூரில் வளர்ந்தவள். கன்னடமும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் பேசும் தமிழை விட்டால் சினிமாத் தமிழ்தான் அவள் காதில் விழும் இரண்டாவது தமிழ். 'திருவிளையாடல்' தருமி வசனத்துக்கு அவளுக்குப் பாதிதான் புரியும்.

எங்கள் வீட்டில் டிவிடி பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. லேப்டாப்பிலும் டிஸ்க் போடும் இடம் இல்லை. போன மாதம் எஸ்பி ரோட்டில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிவந்தேன். பரணில் இருந்த பெட்டியில் 63 டிஸ்க். அதில் 9 ஓடவில்லை, 54 ஓடுகிறது. அக்கா தன்னிடம் இருக்கும் ஐங்கரன் டிஸ்க்குகளை அடுத்த டிசம்பரில் வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறாளாம். எடை அதிகமானால் எதை எடுத்து வெளியே வைப்பது என்று இப்போதே போனில் பஞ்சாயத்து நடக்கிறது. இதுவரைக்கும் சாக்லெட்தான் தோற்றிருக்கிறது.