முகப்பூச்சு டப்பாவை வாசிக்கத் தெரியுமா? மானிப்பாய் சொல்லும் பாடம்



வெள்ளையாக்கும் பூச்சுகளைப் பற்றி எங்கள் வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். பதிலை உரும்பிராய்க்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்த அவர், 1864 முதல் அதைத் தமிழிலேயே படிப்பித்தார். 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஊர்ச்சனத்தின் உடம்பைப் பற்றி ஊர்ச்சனத்தின் மொழியில் பேசவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

சொல் விளங்கினால் பொருளும் விளங்கும். சவர்க்காரம் என்ற சொல்லிலேயே 'காரம்' இருக்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்ததுதான் சவர்க்காரம். எங்கள் தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை உள்ளது. அதனால்தான் அளவுக்கு மிஞ்சிச் சவர்க்காரம் போட்டால் தோல் வறண்டு வெடிக்கிறது. கிளிசரின் நீரை ஈர்த்துப் பிடிக்கும். வாசலின் தோலிலுள்ள நீர் வெளியேறாமல் மூடிவைக்கும்.

சில பெயர்கள் ஏமாற்றும். பெருநாளுக்கு வைக்கும் மருதோன்றி இலை செம்மண்ணிறம்தான் தரும். 'கறுப்பு மருதோன்றி' என்று விற்பதில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் இருக்கும். அது சிலருக்குக் கொப்புளம் போடவைக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பாதரசம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். பாதரசம் அது உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். ஆனால் அது தோலூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். லேபலில் 'மேர்க்குரி' என்று மட்டுமல்ல, 'கலோமெல்', 'மேர்க்குரஸ் குளோரைட்' என்றும் ஒளிந்திருக்கும். சிலவற்றில் எழுதியே இருக்காது.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவு கலந்த கடலின் மீனை உண்டவர்கள் நரம்பு நோயால் அழிந்தார்கள். அந்த ஊரின் பெயரால் 2013 இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உருவானது. கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருட்களை 2020 உடன் நிறுத்த அது கெடு வைத்தது. 2023 இல் அந்த அளவு விலக்கும் நீக்கப்பட்டது. அப்படியிருந்தும் இவை இன்னும் பல நாடுகளில் விற்பனையாகின்றன.

பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். சேர்மானம் எழுதாத டப்பாவை வாங்காதீர்கள். ஒரு கிழமையில் வெளுக்கும் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவோடு வைத்தியரிடம் போங்கள். பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: மெலனின் எங்கள் வெயிலுக்குத் தோல் பிடிக்கும் குடை. கறுப்பு நோயுமல்ல, குறையுமல்ல.

150 வருடங்களுக்கு முன்னரே எங்கள் மண்ணில் இரசாயனத்தைத் தமிழில் படித்தார்கள். இன்று ஒரு டப்பாவின் பின்பக்கத்தை வாசிக்க எங்களாலும் முடியும்.