கரஸ்ல வாங்கின பட்டம்: ஒரு சின்ன வரலாறு

"என்ன படிக்கிறே?" என்று கேட்டால் காலேஜ் போகிறவர்கள் சட்டென்று காலேஜ் பெயரைச் சொல்லிவிடுவார்கள். "கரஸ்ல பண்றேன்" என்பவர்களின் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிப் போகும். போளூர் பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். வேலை பார்த்துக்கொண்டே வாங்கும் பட்டம் இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிப் போயிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பி.ஏ. என்ற ஒன்று வந்தபோது அதை முதலில் வாங்கியதே வேலையில் இருந்த ஒருவர்தான்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ல் சட்டப்படி உருவானது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. பரீட்சை வைக்கும், தேறினால் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். சென்னையும் அதே வழியில்தான் தொடங்கியது. 1857-58-ல் இங்கே முதல் பி.ஏ. ஆனவர்கள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இதில் வேடிக்கை என்னவென்றால் முன்னவர் பின்னவருக்கு வட்டுக்கோட்டை செமினரியில் வாத்தியாராக இருந்தவர். குருவும் சீடனும் ஒரே பரீட்சையை எழுதித் தேறினார்கள்.

தாமோதரம்பிள்ளையைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவர் வேலை பார்த்த கதையைப் பாருங்கள். முதலில் ஊரில் ஆசிரியர். பிறகு பெர்சிவல் பாதிரியார் அழைத்ததால் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையின் ஆசிரியர். பிறகு கள்ளிக்கோட்டையில் பள்ளிக்கூட வேலை. மறுபடி சென்னைக்கு வந்து அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் இருந்தபடியே 1871-ல் பி.எல். தேறினார்! அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதுக்குப் பக்கம். அதன் பிறகு கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி. வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை எல்லாம் 1880-களில், இந்த வேலைகளுக்கு நடுவில்தான் அச்சேறின. ஊர் ஊராக மாறிக்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு படித்த இந்த மனிதரின் பட்டத்தை யாரும் "அது ரெகுலரா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

லண்டன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1858-ல் வந்த புதிய சாசனத்தின்படி, எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கூட அதன் பரீட்சையை எழுதலாம். 1865-ல் மொரீஷியஸ் தீவில் பரீட்சை நடந்தது. இலங்கையில் 1921-ல் தொடங்கிய கொழும்பு யூனிவர்சிட்டி காலேஜ், 1942-ல் தனிப் பல்கலைக்கழகம் ஆகும்வரை தன் மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார் செய்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் "லண்டன் பி.ஏ." என்று பெருமையாகச் சொன்னார்களே, அது பெரும்பாலும் கப்பல் ஏறாமலே வாங்கிய பட்டம்!

இந்தியாவில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 1904-ம் ஆண்டு கர்சன் பிரபு கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டம் கல்லூரிகளின் இணைப்பு விதிகளை இறுக்கியது. படிப்பு என்றால் கல்லூரி, கல்லூரி என்றால் வருகைப் பதிவு என்று ஆனது. பிரைவேட்டாக வித்துவான் பரீட்சை எழுதித் தமிழாசிரியர் ஆனவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது.

வருகைப் பதிவு என்பது கேட்க சாதாரண விஷயம். போளூர், ஆரணி வட்டாரத்துத் தறிக்காரர் வீட்டில் வைத்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும். பட்டுத்தறியில் மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் தறியில் உட்காரவில்லை என்றால் அந்த நாள் காசு போச்சு. கோர்வைச் சேலை என்றால் கரையைச் சேர்க்கப் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ மனைவியோதான். அந்தப் பிள்ளை காலையில் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறிப் போய்விட்டால் ஒரு ஆள் மட்டுமல்ல, தறியே நின்றுவிடும். ஃபீஸ் கட்டப் பணம் இல்லாதது ஒரு பிரச்சினை. பகல் நேரம் இல்லாதது அதைவிடப் பெரிய பிரச்சினை. ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் இது தீராது.

இதற்கு வழி 1962-ல் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் சோதனை முயற்சியாகத் தபால் வழியில் பி.ஏ. தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இறங்கின. தபால்காரர் கட்டுக் கட்டாகப் பாடம் கொண்டுவருவார். விடுமுறை நாட்களில் காண்டாக்ட் கிளாஸ். வருஷத்துக்கு ஒருமுறை ஹால் டிக்கெட். பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், பால் சொசைட்டி ஊழியர், கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை விட்ட பெண்கள் என்று எத்தனையோ பேர் இப்படித்தான் பட்டதாரி ஆனார்கள்.

அடுத்து வந்தது திறந்தவெளி. பிரிட்டன் 1969-ல் ஓபன் யூனிவர்சிட்டி தொடங்கியது. ஆந்திரா 1982-லும், இக்னோ 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் வந்தன. பிளஸ் டூ இல்லாவிட்டாலும் நுழையலாம் என்றதும் கூட்டம் சேர்ந்தது. சிக்கலும் இங்கேதான் ஆரம்பித்தது.

2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளியில் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்பது அதன் சாரம். அதே வருஷம் தமிழக அரசும் பத்தாவது, பிளஸ் டூ முடித்து வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று ஆணை போட்டது. 2017 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (ஒன்று நம்ம சேலம்) முறையான அனுமதி இல்லாமல் தொலைதூரத்தில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் புதிதாக ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று ஆனது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து!

தரம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. தபாலில் படித்தவர் பாலம் கட்டினால் யாருக்கும் பயம்தான். ஆனால் சேரும்போது விளம்பரத்தைப் பார்த்து ஃபீஸ் கட்டியவருக்கு எந்த அனுமதி யாரிடம் இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? பல்கலைக்கழகம் செய்த தவறுக்குப் பத்து வருஷம் கழித்துத் தண்டனை அனுபவித்தது படித்தவர்.

இன்டர்நெட் விஷயத்தில் தமிழ் முந்திக்கொண்டது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் வா.செ. குழந்தைசாமி. 1990 முதல் 1994 வரை இக்னோவின் துணைவேந்தராக இருந்தவர். வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்து, சான்றிதழ் முதல் பட்டம் வரை தமிழை நெட்டிலேயே படிக்க வழி செய்தார்கள். டயல்-அப் காலத்தில் இது பெரிய துணிச்சல். முழுப் பட்டத்தையும் ஆன்லைனில் கொடுக்க யுஜிசி விதிமுறை கொண்டுவந்ததே 2018-ல்தான். 2020-ல் சென்னை ஐஐடி புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பட்டத்தை ஆன்லைனில் தொடங்கியது. ஜேஇஇ தேவையில்லை, முதல் சில வாரங்கள் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறு காலேஜில் படிப்பவரும் சேரலாம், வேலையில் இருப்பவரும் சேரலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வீடியோவைப் பஸ்ஸிலும் பார்க்கலாம், தறி மேடையிலும் பார்க்கலாம். பரீட்சைக்கு மட்டும் நேரில் மையத்துக்குப் போக வேண்டும். அந்த விஷயத்தில் 1857-லிருந்து பெரிய மாற்றம் இல்லை!

2022 செப்டம்பரில் யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ கொடுக்கும் பட்டம், நேரில் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம். "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்தான் இதில் முக்கியம். யுஜிசியின் தளத்தில் பட்டியல் இருக்கிறது. சேரும் பருவத்துக்கு அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பாடமும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவை அதில் கிடையாது. சட்டப் படிப்பைத் தபாலில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது, வகுப்புக்குப் போய் வருகைப் பதிவு காட்ட வேண்டும். கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பி.எல். வாங்கிய தாமோதரம்பிள்ளை இன்று இருந்தால், முதலில் லீவுக்குத்தான் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.