பேட்டைகளும் பெருவழியும்

சரித்திரம் எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் விரித்துரைப்பரேயன்றி, ஊரோடு ஊரை இணைத்த சாலைகளைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவது அரிது. விருதுநகரினின்றும் கிழக்கே அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமே உடையது. கரிசல் நிலத்தினூடே சிற்றூர்களைத் தொடுத்துச் செல்லும் அவ்வழியில் வியக்கத்தக்க காட்சி ஒன்றுமில்லை. ஆயினும், நம் முன்னோருடைய வாழ்வு இத்தகைய வழிகளிலேதான் உருப்பெற்றது.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட அரசி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புண்ணியவதி. தென்பாண்டி நாட்டில் பழஞ்சாலைகள் சில இன்றும் அவ்வம்மையார் பெயராலேயே வழங்கப்பெறுகின்றன. எனினும், சாலை இருந்த மாத்திரத்தில் பிரயாணம் பயமற்றதாகிவிடவில்லை. பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற 1801-ஆம் ஆண்டுக்குப் பின்னரே வியாபாரம் தழைக்கத் தொடங்கிற்று. அப்போதும் வழிப்பறி அச்சம் முற்றும் நீங்கியபாடில்லை.

கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலிய சரக்குகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சீமையினின்றும் வடக்கே சென்ற நாடார் வணிகர், கூட்டங்கூட்டமாகவே சென்றனர். வழியில் தங்குவதற்கெனச் சுற்றுமதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். மாலையில் வண்டிகள் உள்ளே புகும், கதவு சாத்தப்படும், மாடுகளும் மாந்தரும் அச்சமின்றி இளைப்பாறுவர். நாளடைவில் பேட்டையை அடுத்துக் கடைகளும் குடிகளும் பெருகின. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தன்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் அவர்களுடைய வணிகத் தலங்களாயின.

இவற்றுக்குப் பொருள் எங்ஙனம் கிடைத்தது? அதுவே நாம் கருதற்குரியது. வாங்கும் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை ஒன்றை மகமை என ஒதுக்கி, உறவின்முறையாரிடம் ஒப்புவித்தனர். கொடுப்போர்க்குப் பாரமாகத் தோன்றாத அத்தொகை கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுபட்டியில் 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய மகமையின் பயனே. காமராஜர் இளமையில் பயின்றதும் அங்கேதான்.

1876-இல் தூத்துக்குடி வரை புகைவண்டி ஓடத் தொடங்கியதும் விருதுபட்டி பெருஞ்சந்தையாயிற்று. 1923-இல் விருதுநகர் எனப் பெயரும் பெற்றது. அருப்புக்கோட்டைக்கோ 1960-களில்தான் இருப்புப்பாதை வந்தது. அதுகாறும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவ்வூரார் புகைவண்டி நிலையத்தை அடைவதற்கு இச்சிறு சாலையையே நம்பியிருந்தனர். பருத்தியும் நூலும் துணியும் வண்டிச் சக்கரத்தின் மீதே உலகைக் கண்டன.

இன்று நான்கு வழிச் சாலையில் நாம் விரைந்து செல்கின்றோம். பேட்டைகள் இருந்த இடம் எதுவென்றும் அறியோம். மதில் இடிந்தால் மீண்டும் எழுப்பலாம். முதியோர் நெஞ்சிலுள்ள செய்தி மறைந்துவிட்டால் மீட்பது எங்ஙனம்? ஆதலின், ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் ஊர்ப் பேட்டை இருந்த இடம், அதன் கிணறு, வண்டிகள் சென்ற தடம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. பழைய மகமைக் கணக்கேடுகள் வீட்டுப் பரணில் கிடப்பின் கறையானுக்கு இரையாகாமற் காப்பாராக. தனியொருவராகச் செய்யவொண்ணாததைச் சிறுகச் சேர்த்துச் செய்து முடித்த முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் இதுவேயாகும்.