பல்லடத்து நோட்டீசுகள்: கொங்கு இடதுசாரி வரலாற்றுக்கு உதிரித்தாள்கள் தரும் சான்று

கொங்கு நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. தலைவர்களின் நினைவுக் குறிப்புகள், காவல்துறைக் கோப்புகள், தியாகிகளுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள். மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் கிடைப்பது தடை, சிறை, துப்பாக்கிச் சூடு, தூக்கு என்ற ஒரே கோடுதான். சின்னியம்பாளையம் வழக்கில் மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைத் துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். இந்த நாள்களை ஓரத்தில் தள்ளிவிட்டு யாரும் இந்த வரலாற்றை எழுத முடியாது. ஆனால் இப்படிப்பட்ட இரண்டு நாள்களுக்கு நடுவே கிடக்கும் ஆயிரக்கணக்கான நாள்களில் இயக்கம் என்ன செய்துகொண்டிருந்தது? மேற்சொன்ன மூன்று வகைச் சான்றுகளிலும் இதற்குப் போதிய விடை இல்லை.

விடை இருப்பது உதிரித்தாள்களில். வாயிற்கூட்ட நோட்டீஸ், சந்தா ரசீது, உறுப்பினர் அட்டை, மாநாட்டு நன்கொடைச் சீட்டு, கூலி ஒப்பந்த நகல் ஆகியவற்றையே இங்கே உதிரித்தாள் என்கிறேன். இவற்றை நடுவில் வைத்துப் பார்க்கும்போது, இந்த இயக்கம் கொங்கு நாட்டில் நிலைநாட்டிய பெரிய சாதனை வேறொன்றாகத் தெரிகிறது: கூலியைத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, அதன் நகலைத் தொழிலாளி கையிலும் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம். கம்யூனிஸ்ட் கட்சியின் கோட்டை என்று யாரும் சொல்லாத விசைத்தறி ஊரான பல்லடத்தில்கூட இந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் என் வாதத்தைச் சோதிக்க அந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அரசு ஆவணங்களின் இயல்பைப் பார்ப்போம். பெரியார் ஈரோட்டிலிருந்து நடத்திய 'குடி அரசு' 1931 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் தமிழாக்கத்தை வெளியிடத் தொடங்கியது. 1932 டிசம்பர் இறுதியில் சிங்காரவேலரின் பங்களிப்போடு, சுயமரியாதை இயக்கத்தின் சமதர்ம வேலைத்திட்டமான ஈரோட்டுத் திட்டம் உருவானது. 1933 அக்டோபர் 29 தலையங்கத்துக்காகப் பெரியார் மீது அரசு வழக்குத் தொடர்ந்தது. பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்க்க, அது நூலாக வந்ததும் அதற்கும் கைது நடந்தது. இவையெல்லாம் இன்று நமக்கு விவரமாகத் தெரிகின்றன என்றால், அரசு இவற்றுக்கு அஞ்சியதே முதல் காரணம். அஞ்சியதை மொழிபெயர்த்தது, எண்ணிட்டது, கோப்பில் சேர்த்தது. அஞ்சத் தேவையில்லை என்று கருதியதை விட்டுவிட்டது. பஞ்சப்படியை உயர்த்தக் கோரும் அரைப்பக்கத் தாளில் எந்த அதிகாரிக்குத்தான் அக்கறை இருந்திருக்கும்? ஆகவே ஆவணக் காப்பகத்தில் ஒரு துண்டறிக்கை இருப்பது அதன் செல்வாக்குக்குச் சான்றாகாது. அது அரசின் அச்சத்துக்கே சான்று. இந்த வேறுபாட்டைக் கருதாமல் எழுதியதால்தான் சதி வழக்குகளின் தொடராக ஒரு வரலாறு நமக்கு வாய்த்திருக்கிறது.

அரசு விட்டுவிட்ட தாள்கள் சங்க அலுவலக அலமாரிகளிலும் பழைய ஊழியர்களின் தகரப் பெட்டிகளிலும் தங்கின. மிச்சம் எடைக்குப் போனது. தங்கியவற்றைக் கையாள்வதில் முதல் தொல்லை, அவற்றில் பெரும்பாலும் ஆண்டு இருப்பதில்லை என்பதே. வருகிற ஞாயிறு மாலை 6 மணி, கடைவீதி, இன்னார் பேசுவார் என்றால் படிப்பவருக்கு அன்று போதுமானதாக இருந்தது. அறுபது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது போதாது.

ஆனாலும் தாள் தன் வயதைப் பல வழிகளில் காட்டிக்கொடுக்கிறது. மே தின நோட்டீஸ் ஒன்றில் 'மே 1, ஞாயிறு' என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1938, 1949, 1955, 1960, 1966 ஆகிய ஆண்டுகளில் மே 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நன்கொடை அணாவில் குறித்திருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. கட்சிப் பெயரை அடுத்து 'மார்க்சிஸ்ட்' என்று வந்தால் 1964 பிளவுக்குப் பிந்தியது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. பல்லடம் 'திருப்பூர் மாவட்டம்' என்று குறிக்கப்பட்டிருந்தால் 2009க்குப் பிறகு. எழுத்துச் சீர்திருத்தமும் உதவும். ஆனால் அதில் எச்சரிக்கை வேண்டும். 1978 அரசாணைக்குப் பின்னும் சிற்றூர் அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளைத் தூக்கியெறிந்துவிடவில்லை. பழைய 'லை'யும் 'னை'யும் இருப்பதை மட்டும் வைத்து ஒரு நோட்டீசை 1978க்கு முன் தள்ளுவது பிழையாகிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையாகப் படுவது தாளின் அடிவரி. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஒவ்வொரு அச்சுத்தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கும் சிறு அச்சகம் ஒன்று, சங்க நோட்டீசிலும் தன் பெயரைத் துணிந்து போட்டிருந்தால், ஊரில் அந்தச் சங்கத்துக்கு இருந்த இடம் அந்த ஒரு வரியில் தெரிகிறது. அடிவரி இல்லாத தாள் பெரும்பாலும் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தைச் சுட்டும். அடிவரிகளை மட்டும் தொகுத்தாலே எந்த ஊரில் எந்த ஆண்டு இயக்கம் வெளிச்சத்தில் நடமாடியது, எப்போது தலைமறைவானது என்று வரைபடம் போட்டுவிடலாம்.

அயர்லாந்தில் இத்தகைய வேலையை மதித்துச் செய்திருக்கிறார்கள். 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனம் டப்ளின் தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில் அச்சானது. அச்செழுத்து போதாமல் மேல்பாதியைத் தனியாகவும் கீழ்பாதியைத் தனியாகவும் அடித்தார்கள். வேறு அச்சுருவிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கலந்தார்கள். இன்று உண்மைப் பிரதியை அடையாளம் காண இந்தக் குறைகளே உதவுகின்றன. பெல்பாஸ்டின் லினன் ஹால் நூலகத்தில் இருக்கும் அரசியல் தொகுப்பின் தொடக்கமும் ஒரு துண்டறிக்கைதான். 1968இல் மதுக்கடையொன்றில் தன் கையில் தரப்பட்ட குடிமை உரிமை நோட்டீசை நூலகர் ஜிம்மி விட்டி எறியாமல் எடுத்து வைத்தார். அங்கே எல்லாத் தரப்பின் தாள்களும் சேர்க்கப்பட்டன என்பது நாம் கற்க வேண்டியது. நம்மிடமும் முன்னோடி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அதனால்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவாக முடிந்தது. தொழிற்சங்கத் தாள்களுக்கு அப்படியொரு கொங்குத் தொகுப்பு வேண்டும்.

இனி பல்லடம். அதன் அண்டை நகரான திருப்பூரில் 1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைப் பட்டியல், கூட்டுக் குழு, வாயிற்கூட்டம், முத்தரப்புப் பேச்சு, முந்தைய ஒப்பந்தத்தின் மேல் இத்தனை சதவீத உயர்வு என்ற முறை கோவை மில்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல பத்தாண்டுப் போராட்டத்தில் உருவானது. பல்லடத்து விசைத்தறியில் அதே முறையைக் கையில் எடுத்தவர்கள் சில தறிகளுக்குச் சொந்தக்காரர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து காடாத் துணியாகத் திருப்பித் தந்து கூலி வாங்குவார். தறி அவருடையது, நூல் அவருடையதல்ல. ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் கூலிக்காரர். திருப்பூரைப் பற்றி 2004இல் வெளிவந்த நூலில் ஆய்வாளர் ஷரத் சாரி, உழைப்பையே தங்கள் மூலதனமாகச் சொல்லிக்கொள்ளும் கவுண்டர் முதலாளிகளை ஆராய்ந்தார். பல்லடத்துத் தறிக்காரர் அந்த ஏணியின் நடுப்படியில் நிற்பவர்.

2014 ஒப்பந்தக் கூலி நடைமுறையில் கிடைக்கவில்லை என்ற குறை நீண்டு, 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதமும் பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு என்று பேசி முடித்தார்கள். அதுவும் நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. இந்தத் தறிக்காரர் சங்கங்களை இடதுசாரிச் சங்கங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிய கூலியை மீறுவது அநியாயம் என்ற எண்ணமும், முந்தைய தாளை எடுத்துக் காட்டி அடுத்ததைக் கேட்கும் பழக்கமும் தொழிற்சங்கங்கள் இந்த மண்ணில் விதைத்தவை. பல்லடம் பகுதியில் கறிக்கோழி வளர்ப்போர் வளர்ப்புக் கூலிக்காகக் குரல் எழுப்பும்போதும் இதே வழிமுறைதான் தெரிகிறது. தேர்தல் முடிவுகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தொடர்ச்சி புலப்படாது.

இந்த அணுகுமுறைக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. தாள் இருக்கும் இடத்தில்தான் தாள் பேசும். பண்ணையாளாக உழைத்த அருந்ததியருக்கும் நிலக்காரருக்கும் இடையே நடந்தது வாய்ப்பேச்சு. கூலி தானியமாகவும் வந்தது, கடனில் கழிந்தது. எழுதப்பட்ட ஒப்பந்தத்தைச் சாதனையாகக் கொண்டாடும் நான், அந்தச் சாதனை எங்கே நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தறிக்காரர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் அவரிடம் ஷிப்ட் ஓட்டும் தொழிலாளியின் கூலி வருவதில்லை. மேடைப் பேச்சாளர் பட்டியல்களில் பெண் பெயர்கள் அரிது. பார்வதி கிருஷ்ணனைப் போன்று மூன்று முறை கோவையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர் விதிவிலக்கு. உதிரித்தாள்களைச் சேர்த்து வைத்தால்தான் இந்த விடுபடல்களை ஆண்டுவாரியாகக் காட்ட முடியும். அவற்றை இட்டு நிரப்ப வாய்மொழிச் சான்று வேண்டும். அதைத் தரக்கூடியவர்களின் வயது நமக்காகக் காத்திருக்காது.

பல்லடத்தில் செய்ய வேண்டியது தெளிவு. ஒப்பந்த நகல்களை எல்லாத் தரப்பிலிருந்தும் திரட்ட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் அடிவரி, நாணய அலகு, முகவரி, எழுத்துரு, கொடுத்தவர் யார், எங்கே வைத்திருந்தார் என்பவற்றைக் குறிக்க வேண்டும். இப்போது நோட்டீசுகள் கைப்பேசிப் படங்களாகவே சுற்றுகின்றன. அவற்றில் அச்சகப் பெயர் கிடையாது, காகிதமும் கிடையாது. மேலே விவரித்த காலக்கணிப்பு வழிகளில் பாதி அவற்றுக்குப் பயன்படாது. அந்தப் படங்களைச் சேர்ப்பவர், எந்தக் குழுவில், எந்த நாளில், யார் அனுப்பி வந்தது என்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும்.