தளபதி பெயரில் ஒரு பேருந்து

ஊர்ப் பாலத்துக்கு நம் சமூகத்து முன்னாள் படைவீரர் ஒருவரின் பெயரை வைக்கலாமே என்று கேட்டால், "பெயர் வைத்தால் சாதிச் சண்டை வரும்" என்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கலைஞர் அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனின் தளபதி அவர்; கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுல வேளாளர். 1799இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்விட்டவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர். அவர் பெயர் போட்ட பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அப்போது பக்கத்து நெல்லையில் 'கட்டபொம்மன்' பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. போர் ஒன்றுதான். அரசன் பெயர் இனித்தது, தளபதி பெயர் கசந்தது.

அந்த ஆண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பார்வைக்குச் சமநீதிதான். ஆனால் மற்றவர்களின் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியபோது பெயரால் சண்டை வரும் என்று எந்த அரசுக்கும் தோன்றவில்லை. சுந்தரலிங்கம் வந்த சில மாதங்களில் தோன்றிவிட்டது.

குந்தாரப்பள்ளி வழியாக ஓசூர் போகும் நம் பகுதிப் பேருந்துகளிலும் 'அன்னை சத்யா' என்ற பெயர் அப்படித்தான் அழிந்தது.